இருபத்தேழாம் வில்லை

கேரவன் வண்டியின் கதவருகே மாட்டியிருந்த பலகையில் வட்டமான அடையாள வில்லை ஒன்று தொங்கியது. தொங்கியிருக்கக் கூடாது. மூன்று பேருமே முகாமில்தான் இருந்தார்கள். வாரன் அடுப்பருகே, அவன் மனைவி லியான் நாற்காலியில், எட்டு வயது ஜோசி செம்மண்ணில் கல் அடுக்கிக்கொண்டு.

பலகை வாரனின் ஏற்பாடு. வெளியே போகிறவர் தன் வில்லையைக் கொக்கியில் மாட்ட வேண்டும். திரும்பியதும் எடுக்க வேண்டும். அவன் வேலை பார்க்கும் சுரங்கத்திலும் அதுதான் வழக்கம். பலகை காலியானால் எல்லோரும் மேலே வந்தாகிவிட்டது, அப்புறம்தான் வெடி. ஒன்பது ஆண்டுகள் ஒரு விபத்துகூட நடக்காமல் பார்த்துக்கொண்ட பாதுகாப்பு அதிகாரி என்று வாரனுக்கு நாளை நகரத்தில் கேடயம் தரப்போகிறார்கள். நன்றியுரை ஏழு பக்கம். வழியெல்லாம் அவன் உரக்கப் படித்ததில் ஜோசிக்கே மனப்பாடமாகியிருந்தது.

"அம்மா, புதர்ப் பக்கம் ஒண்ணுக்குப் போறதுக்கும் மாட்டணுமா?"

"மாட்டிடு செல்லம். இல்லேன்னா அப்பா மீட்புப் படைய வரவழைச்சிடுவார்."

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது லியான். மூடிக் கிடக்கும் சுரங்கம், நிழலுக்கு நாலு மரம், வாடகை இல்லை. வேண்டாம் என்று சொல்ல வாரனிடம் நூறு காரணம் இருந்தது. சொல்லக்கூடியது ஒன்றும் இல்லை.

அவன் பலகையருகே போனான். வீட்டு வில்லைகள் பிளாஸ்டிக், ஜோசியுடையது மஞ்சள். இது பித்தளை. நாள் முழுக்கக் காய்ந்த வெயிலுக்கு இது சுட்டிருக்க வேண்டும். ஈரமாக, ஜில்லென்று இருந்தது. இருபத்தேழு.

சுரங்கத் தொழிலாளி கிளைவின் எண்.

அன்று இதே சுரங்கத்தில் பெரிய முதலாளிகள் வெடி பார்க்க வந்திருந்தார்கள். பலகையில் ஒரே ஒரு வில்லை மிச்சம். வில்லையை மறந்துவிட்டு பாருக்கு ஓடுகிறவர்கள் உண்டு. மறுநாள் எல்லோருக்கும் ஒரு பெட்டி பீர் வாங்கித் தருவதுதான் அதற்குத் தண்டனை. கிளைவும் அப்படித்தான் போயிருப்பான் என்று வாரன் நினைத்தான். நினைக்க விரும்பினான். வில்லையைத் தானே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "பலகை காலி. கணக்கு சரி" என்றான். வெடித்தார்கள். மறுநாள் கிளைவ் வரவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனவன் என்று பதிவேட்டில் எழுதியதும் வாரன்தான். நல்ல கையெழுத்து.

"எங்க போற?" என்றாள் லியான்.

"சும்மா, காலாற."

"உன் வில்லைய யார் மாட்டுவா, உங்க தாத்தாவா?"

பித்தளை வில்லையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தான். சூரியன் கல்மேட்டின் முதுகில் சிவந்து உட்கார்ந்திருந்தது. ஈக்கள் உதட்டோரம் மொய்த்தன. மேட்டுக்குப் பின்னால், துருப்பிடித்த கம்பிவலை கிழிந்து கிடந்த இடத்தில், பழைய குழி. உள்ளேயிருந்து வெடிப்புகையின் வாடை வந்தது. ஆறு வருடத்துக்கு முந்தைய புகை. வில்லையை எறிந்தான். அது விழும் ஓசைக்காகக் காத்திருந்தான்.

ஓசை இல்லை. யாரோ பிடித்துக்கொண்டதுபோல.

ஓடினான். மேட்டைச் சுற்றி, மூச்சிரைக்க. முகாமில் இருள் கவிந்திருந்தது. லியான் அடுப்பில் குனிந்து சாசேஜைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பலகையில் மறுபடியும் ஒரு வில்லை ஆடியது.

வெடுக்கென்று பிடுங்கினான். பார்க்கவில்லை. பார்க்கும் தைரியமில்லை. நெருப்பில் வீசினான்.

பிளாஸ்டிக் கருகும் நாற்றம்.

கனலில் மஞ்சளாக ஏதோ உருகிச் சொட்டியது.

"ஜோசி எங்க?"

"கல் பொறுக்கிட்டு வரேன்னு மேட்டுப் பக்கம் போனா. நீயும் அங்கதானே இருந்த?" லியான் நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள். "வந்துட்டாளே. பலகை காலி."

"இல்ல. லியான், இல்ல..."

"ஒன்பது வருஷமா நீ சொல்றதுதானே? பலகை பொய் சொல்லாதுன்னு." மறுபடி குனிந்து மூன்று தட்டில் பரிமாறினாள். நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்றை அவனிடம் நீட்டினாள். மூன்றாவதை, பார்க்காமலே, பக்கத்து நாற்காலிப் பக்கம் நீட்டினாள். "இந்தா செல்லம், சூடா இருக்கு."

தட்டை வாங்கிக்கொண்ட கை பெரியது. விரலிடுக்கெல்லாம் கல்பொடி.

மேட்டுக்குப் பின்னால், மிக ஆழத்தில், யாரோ பித்தளையைக் கல்லில் தட்டினார்கள். சின்னக் கை தட்டுவதுபோல, சின்னச் சின்னத் தட்டல்.

"மூணு தட்டு, மூணு பேர்" என்றாள் லியான். "கணக்கு சரிதானே?"

ஜோசியின் நாற்காலியில் இருந்தவன் தலைக்கவசத்தை மெல்ல நிமிர்த்தி, வாரன் என்ன சொல்லப்போகிறான் என்று காத்திருந்தான்.