கதவுக்கு வெளியே படி இல்லை

ட்ரிங்... ட்ரிங்...!

ஸ்டேஷன் டெலிபோன் அலறியது. காலை மணி பத்து நாற்பது.

சப்-இன்ஸ்பெக்டர் ஜெனிதா ரிசீவரை எடுத்தாள்.

"மேடம்... மந்தைவெளிலேர்ந்து சொர்ணம் பேசறேன்..." பெண் குரல் மூச்சு வாங்கியது. "கதவைத் திறந்தேன் மேடம்... வெளிய படி இல்ல!"

"எது இல்ல?"

"மாடிப்படி மேடம்! காலைல பால் வாங்க இறங்கினப்ப இருந்துச்சு. இப்ப ஒரு காலை எடுத்து வெளிய வெச்சேன்... அந்தரம்! செருப்பு கீழ விழுந்துடுச்சு. அவரு மட்டும் கையைப் பிடிச்சு இழுக்கலேன்னா..."

"எந்த மாடி?"

"ரெண்டாவது. பில்டிங்ல ரிப்பேர் வேலை நடக்குது. மத்தவங்க எல்லாம் காலி பண்ணிட்டாங்க, நாங்க மட்டும்தான் இருக்கோம். இவருக்கு இன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு டயாலிசிஸ் மேடம். சனிக்கிழமையே சாரம் கட்டறோம்னு வழிய அடைச்சு, ஒரு தடவை விட்டுப்போச்சு. இன்னிக்கும் போகலேன்னா..."

முடிக்கவில்லை. அழுகை.

ஜெனிதா தொப்பியை எடுத்தாள்.

"பக்கிரி அண்ணே! தீயணைப்புக்குப் போன் போட்டுட்டு ஜீப்பை எடுங்க!"

ஓய்வு பெற எட்டே மாதம் மிச்சமிருக்கும் ஏட்டு பக்கிரி, வாயிலிருந்த வடையை அவசரமாக விழுங்கினார்.

"இன்னா மேடம் கேஸு?"

"தெரியல. பார்த்தாதான் தெரியும்!"

பார்த்தாள்.



தரையிலிருந்து இரண்டாவது மாடி வரை வெறும் செங்கல் குழாய் போல ஓர் ஓட்டை. படி ஏறிய சுவரில் பல்லைப் பிடுங்கிய மாதிரிப் பள்ளங்கள். அண்ணாந்தால், உச்சியில் ஒரு கதவு. கதவில் ஒரு பெண். அவள் தோளைப் பிடித்தபடி, முகம் வீங்கிப்போன ஒரு மனிதர்... அசோகன். அவளுடைய கணவர்.

"விழுந்தப்ப சத்தம் கேக்கலியாம்மா?" ஜெனிதா கத்தினாள்.

"நாப்பது நாளா இடிக்கற சத்தம்தான் மேடம்! தூசிக்கு பயந்து கதவு இடுக்குல ஈரத்துணி வெச்சு அடைச்சுட்டு உக்காந்திருக்கோம். எது விழுந்தா எங்களுக்கு என்ன தெரியும்?"

தீயணைப்பு வண்டி வந்தது. பால்கனிக்கு ஏணி சாய்ந்தது.

அசோகனை வயிற்றிலும் தோளிலும் கட்டி இறக்கினார்கள். பாதி வழியில் அவர் தலை தொங்கிவிட்டது.

"ஏங்க... ஏங்க!" மேலிருந்து சொர்ணம் அலறினாள்.

"உயிர் இருக்கும்மா, நாடி ஓடுது!" ஏணியில் இருந்தவர் குரல் கொடுத்தார்.

அடுத்து சொர்ணம் இறங்கினாள். ஒரு காலில் மட்டும் செருப்பு. ஜெனிதாவின் செல் நம்பரை வாங்கிக்கொண்டு அப்படியே ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டாள். சைரன் ஊளையிட்டபடி தெருமுனையில் மறைந்தது.

"மேடம்... இங்க வாங்க." பக்கிரியின் குரல் மாறியிருந்தது.

இடிபாட்டுக் குவியலின் அடியில்...

ஒரு கை!

விரலிடுக்கில் கசங்கிய காகிதம்.

தீயணைப்பு வீரர்கள் கற்களைப் புரட்டினார்கள். ஆளை வெளியே எடுத்தபோது, பார்க்கவே தேவையில்லை என்பது போல அவர்களுடைய அதிகாரி தலையை ஆட்டினார்.

ஜெனிதா அந்தக் காகிதத்தைப் பிரித்தாள். 'ஆஸ்பத்திரி அருகே வேறு வீடு பார்க்க நீங்கள் கேட்ட மூன்று மாத அவகாசம் தர இயலாது. வீட்டை உடனே காலி செய்யவும். இறுதி அறிவிப்பு.' சொர்ணம் பேருக்கு.

கேட்டருகே ஏதோ விழுந்து உருண்டது. டீ ஃபிளாஸ்க்.

"யோவ்... யோவ்...!"

பொன்மணி ஓடிவந்தாள். அந்த வேலையில் சித்தாள். இறந்து கிடந்த துரைராஜ், அங்கே மேஸ்திரி. அவளுடைய புருஷன்.

"டீ வாங்கியாரச் சொன்னியேய்யா... இப்டி பட்த்துக்கினு கீறியே!"

ஜெனிதா அவளைத் தாங்கிப் பிடித்தாள்.

அந்த நேரம் பார்த்து...

பிணத்தின் சட்டைப்பையில் செல்போன் அடித்தது!

கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. அதற்குள் எழுத்து மின்னியது. 'பிரபாகர் சார்.'

"யாரும்மா இது?"

"வூட்டு வேலய குடுத்தவரு..." பொன்மணி விம்மினாள். "இந்த பில்டிங்காரரு."

ஜெனிதா பச்சை வட்டத்தை இழுத்தாள். பேசவில்லை. காதில் மட்டும் வைத்தாள்.

"டேய் துரை! போனா எடுக்கறதில்லையா? அந்தம்மாகிட்ட லெட்டர் குடுத்தியா இல்லியா?" குரல் ஒரு விநாடி தயங்கியது. "படி தாங்குச்சாடா...?"

ஜெனிதா இணைப்பைத் துண்டித்தாள்.

"அவரு வருவாரு அண்ணே," என்றாள் பக்கிரியிடம். "வரட்டும்."

இருபதே நிமிடம். காரிலிருந்து இறங்கினார் பிரபாகர். மடிப்புக் கலையாத லினன் சட்டை. முகத்தில் தேவைக்கு அதிகமான அதிர்ச்சி.

"கடவுளே! எப்படி மேடம் ஆச்சு? பழைய பில்டிங்... தானா விழுந்திருக்கு. அதுக்குத்தான் காலி பண்ணுங்க, காலி பண்ணுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாங்களா?"

"மூணு மாசம் டைம் கேட்டாங்களாமே? ஆஸ்பத்திரி பக்கத்துல வேற வீடு பார்க்க."

"ரிப்பேர் காத்திருக்குமா மேடம்?"

தீயணைப்பு அதிகாரி சுவரைக் காட்டினார். "சார், தானா விழுந்தா கம்பி வளைஞ்சு, நீண்டு, இழுபட்டுத் தொங்கும். இங்க பாருங்க, வெள்ளரிக்காய் நறுக்கின மாதிரி இருக்கு. மெஷின் வெச்சு அறுத்த கம்பி. முட்டுக் கொடுத்திருந்த கம்பமெல்லாம் அதோ, சுவர் ஓரமா அழகா அடுக்கி வெச்சிருக்கு!"

பிரபாகர் கர்சீப்பை எடுத்தார்.

"புதுப் படி கட்டறதுக்காக அறுத்திருப்பாங்க. மேஸ்திரி தப்பு. எனக்கென்ன தெரியும்?"

"நேத்து சாயங்காலம் நீதான் நின்னு அறுக்கச் சொன்ன!" பொன்மணி சீறினாள். "ஆளு மேல கீறாங்க, வாணாம் சார்னு கையெடுத்துக் கும்புட்டாரு. காத்தால முட்டுக் கம்பத்தயும் எடுக்கச் சொல்லி, எல்லாரையும் அடையாறு வேலைக்கு அனுப்பிட்டு, என் புருசன மட்டும் மேல போடான்னு சொன்ன. முட்டு எட்த்தாச்சு சார்னு சொன்னதுக்கு, ஒரு ஆளு வெயிட்டு தாங்கும்டான்னு நீ போன்ல சொன்னது என் காதுல வியுந்துச்சு!"

"பொய்!"

"பொய்யா?" ஜெனிதா அந்த விரிசல் விழுந்த போனைத் தூக்கிக் காட்டினாள். "இதுல வர்ற கால் எல்லாம் தானா ரெக்கார்ட் ஆகுது சார். காலைல நீங்க பேசினதும் இருக்கு. 'படி தாங்குச்சாடா'ன்னு கேட்டதும் இருக்கு. அதைக் காதுல வாங்கினது துரைராஜ் இல்ல. நான்!"

கர்சீப் கீழே விழுந்தது.

பிரபாகர் குனிந்து எடுத்தார். நிமிர்ந்தபோது முகத்தில் அதிர்ச்சி இல்லை. உதட்டில் ஒரு புன்னகை!

"சரி மேடம். ஒரு விஷயம். வாடகைக்கு இருக்கறவங்க பாதுகாப்பு யார் பொறுப்பு?"

"ஓனர் பொறுப்பு."

"நான் ஓனர் இல்லியே!" பையிலிருந்து ஒரு பத்திர நகல். "போன வருஷமே கைமாறிடுச்சு. இப்ப ஓனர்... மேஸ்திரி துரைராஜ்! அவரு வீடு, அவரு படி, அவரே அறுத்தாரு, அவரே விழுந்தாரு. நான் வெறும் பவர் ஏஜென்ட்!"

பொன்மணி திகைத்தாள். "ஒரு நா புதுச் சட்ட வாங்கிக் குட்த்து ரிஜிஸ்டர் ஆபீசுக்கு இட்டுக்கினு போனாரு... கையெயுத்து வாங்கினு பிரியாணி துண்ண வெச்சு அனுப்சாரு..."

ஜெனிதா பத்திரத்தைப் படித்தாள். ஒரு வரி விடாமல். இப்போது அவள் உதட்டில் அந்தப் புன்னகை.

"படியை அறுக்கச் சொன்னது நீங்க. முட்டு இல்லாத படியில ஆளை ஏத்தினதும் நீங்க. உயிர் போன கேஸுக்குப் பத்திரம் யார் பேர்ல இருந்தா என்ன? ஏறுங்க ஜீப்ல."

"ஜாமீன்ல வந்துடுவேன் மேடம். வந்ததும் முதல் வேலை, இந்த பில்டிங்கை மொத்தமா இடிக்கறதுதான்."

"எந்த உரிமையில?"

"பவர் இருக்கு!"

"பவர் குடுத்தவர் செத்துட்டா, அந்த நிமிஷமே பவரும் செத்துடும் சார்! இந்த வீடு இப்ப துரைராஜோட வாரிசு வீடு. அதாவது, பொன்மணி வீடு."

பிரபாகரின் தாடை தொங்கியது.

"அது... அது சும்மா பேருக்கு! பினாமி மேடம்! எல்லாம் என் காசு!"

"அப்படியா? கோர்ட்ல அதையே சொல்லுங்க. பினாமி சொத்துன்னு கவர்ன்மென்ட் எடுத்துக்கும். எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு இல்ல!"

அவள் சொன்னது எதுவும் பொன்மணிக்கு ஏறவில்லை. புருஷன் முகத்துத் தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வூடு எதுக்கு மேடம்? இவரத் தர முடியுமா?"

ஜெனிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செல் அடித்தது. சொர்ணம்.

"மேடம்... மெஷின்ல போட்டுட்டாங்க. கண்ணு முழிச்சுட்டாரு. ஆனா... இனி நாங்க எங்க போறது?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பொன்மணி தலையைத் தூக்கினாள். கண்ணீர் வழிந்த முகம். குரல் மட்டும் திடமாக இருந்தது.

"எங்கயும் போவாதக்கா. மொதல்ல படி கட்டிக் குட்த்துட்றேன்."

பக்கிரி பிரபாகரின் தோளில் கை வைத்தார்.

"ஏட்டய்யா, ஒரு நிமிஷம்... என் கார் உள்ள நிக்குது..."

"அடுத்தவங்க வூட்ல வண்டிய வுட்டுட்டு இன்னா பேச்சு? ஓனரம்மா பார்க்கிங் வாடகை கேக்கறதுக்குள்ள ஜீப்ல ஏறு நைனா!"