பல் டாக்டரிடம் தொலைந்த பத்தொன்பது பேர்

காலை 10.40. பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் பதினேழாம் எண் காணாமல் போனது.

எண்ணுக்குச் சொந்தக்காரர் எங்கும் போகவில்லை. அங்கேயேதான் நின்றார். பஸ் டிரைவர். வலது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. கையில் பதினேழு என்று அச்சடித்த டோக்கன். சுவரில் தொங்கிய திரையோ பதினெட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறக்க முடியாத மனிதர், அந்த வாயை வைத்துக்கொண்டே ஊரைக் கூட்டிவிட்டார்.

டாக்டர் கையுறையோடு வெளியே ஓடி வந்தார். கொடுத்த டோக்கன்களையும் பார்த்த நோயாளிகளையும் ஒப்பிட்டார். அவருக்குத் தலை சுற்றியது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளில் பத்தொன்பது பேர் டோக்கன் வாங்கியிருந்தார்கள், டாக்டரின் நாற்காலியில் உட்காரவே இல்லை.

இத்தனை பேர் தொலைந்தும் இதுவரை ஏன் சத்தம் வரவில்லை என்று கேட்பீர்கள். அதுதான் இந்த வழக்கின் விசேஷம். துணிக்கடையில் வரிசை தப்பினால் சண்டை வரும். பல் டாக்டரிடம் தன் எண் தப்பிப்போனால் யார் புகார் சொல்வார்கள்? பத்தொன்பது பேரும் அப்பாடா என்று பெருமூச்சு விட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் நழுவியிருந்தார்கள்.

11.20. துருவி வந்து சேர்ந்தாள்.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. எதை எடுத்தாலும் துருவித் துருவிக் கேட்பாள் என்பதால் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் இது. அந்த மருத்துவமனையின் டோக்கன் ப்ரோகிராமை எழுதியவள் அவள். விற்றவர் அவளுடைய அக்கா வீட்டுக்காரர். கம்பெனியில் மொத்தமே இந்த இரண்டு பேர்தான். வழியிலேயே அத்தான் போனில் பிடித்துவிட்டார்.

"அந்த ரிசப்ஷன் அம்மாவுக்கு வயசாயிடுச்சு. கை நடுங்கும். ஒரு தடவை தட்ட வேண்டியதை ரெண்டு தடவை தட்டுறாங்க. நம்ம ப்ரோகிராம்ல தப்பு இல்லைன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டு வா. டாக்டர் அதைத்தான் கேக்குறாரு."

"பார்க்காம எப்படி அத்தான் எழுதறது?"

"பார்த்துட்டே எழுது. எழுதறது அதுவா இருக்கட்டும்."

துருவி வழியில் வாங்கிய காபியை வாயின் இடது பக்கமாகவே ஒதுக்கிக் குடித்து முடித்து, உள்ளே போனாள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "ஒரு மணிக்கு நான் சாப்பிடப் போவேன். அதுக்குள்ள சொல்லிடுங்க. மெஷின் தப்பா, மனுஷங்க தப்பா? மனுஷங்கன்னா ரிசப்ஷன் அக்காவை வீட்ல ஓய்வு எடுக்கச் சொல்லிடலாம்."

"எத்தனை நாளைக்கு ஓய்வு?"

டாக்டர் கையுறையை உருவினார். அது நிரந்தர ஓய்வு என்று துருவிக்குப் புரிந்துவிட்டது.

வரவேற்பு மேசைக்குப் பின்னால், எல்லாரும் மேசையக்கா என்று கூப்பிடும் அந்த ரிசப்ஷன் அம்மா உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வருடமாக அதே மேசை, அதே இடம். முகம் வெளிறியிருந்தது. மேசைமேல் தொடுதிரை. சுவரில் உள்ள பெரிய திரை அவள் தலைக்குப் பின்னால் இருந்ததால், அதில் என்ன ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியாது.

"எத்தனை தடவை தட்டுவீங்க அக்கா?"

"ஒரு தடவைதாம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"என் கை என்கிட்டதானே இருக்கு. ஒரு தடவை." அவள் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தாள். விரல் முட்டிகள் வீங்கியிருந்தன. ஆனால் நடுக்கம் இல்லை. "முன்னாடிதான் கஷ்டமா இருந்துச்சு. பட்டன் பொடிசு, என் விரலுக்கு அகப்படவே அகப்படாது. போன வெள்ளிக்கிழமை ஏதோ சரி பண்ணீங்களாமே, இப்ப தொட்டா உடனே கேக்குது. பண்ணினவங்க நல்லா இருக்கட்டும்."

துருவிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அதைப் பண்ணினவள் நான்தான் என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. விசாரணை நடக்கும் நேரத்தில் பெருமை பேசுவது அழகில்லை என்று அடக்கிக்கொண்டாள்.

அடுத்தது டிரைவர்.

"உங்க நம்பரைக் கடைசியா எங்க பார்த்தீங்க?"

"சுவத்துல. பதினேழுன்னு வந்துச்சு. எழுந்தேன்."

"அப்புறம்?"

"அதுக்குள்ள பச்சைப் புடவை கட்டின ஒரு அம்மா உள்ள போயிட்டிருந்தாங்க. அக்கா அவங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. அவங்க பதினாறு. நான் போனா, இருங்க இன்னும் உங்களுக்கு வரலன்னு உட்காரச் சொன்னாங்க. உட்கார்ந்தேன். அடுத்தது பார்த்தா பதினெட்டு." அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "நான் என்ன பாவம் பண்ணினேன்?"

11.45. துருவி மடிக்கணினியைத் திறந்து, ஒவ்வொரு அழைப்பையும் ப்ரோகிராம் குறித்து வைக்கும் பதிவைப் பார்த்தாள். பதினாறுக்கான அழைப்பு 10.31 ஆகி ஏழாவது நொடி. பதினேழுக்கான அழைப்பும் அதே ஏழாவது நொடி. நொடியை ஆயிரமாகப் பிரித்துப் பார்த்தாலும் இரண்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தன.

"டாக்டர், எந்த மனுஷக் கையாலயும் இவ்வளவு சீக்கிரம் ரெண்டு தடவை தட்ட முடியாது. இது அக்கா இல்ல."

"அப்படியா? அப்ப நான் தட்டினா மட்டும் ஏன் ஒழுங்கா போகுது? இவர் சத்தம் போட்டதுக்கு அப்புறம் அஞ்சு பேரை நானே தட்டிக் கூப்பிட்டேன். ஒவ்வொண்ணாதான் போச்சு. அந்தம்மா உட்கார்ந்தா மட்டும் தாவுது. எனக்குத் தெரிஞ்சது பல்லு. பக்கத்துல இருக்கிற பல்லைப் பிடுங்கிட்டு வலி போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்."

நியாயமான கேள்வி. மணி பன்னிரண்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

12.10. அவள் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு மேசையக்காவின் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மேசைமேல் இருந்த திரையும் தெரியவேண்டும், சுவரும் தெரியவேண்டும்.

"நான் இல்லைன்னு நினைச்சுக்கோங்க. எப்பவும் செய்ற மாதிரியே செய்ங்க."

முதலில் ஓர் ஓய்வு பெற்ற ஓவிய வாத்தியார். பத்து வருட நோயாளி. அவர் முகத்தைப் பார்த்ததுமே மேசையக்கா தொடுதிரையின் முகப்புப் பக்கத்தில் இருந்த பட்டனைத் தட்டி, "வாங்க சார், பேரன் எப்படி இருக்கான்?" என்றாள். சுவரில் இருபத்து நான்கு போய் இருபத்தைந்து வந்தது. தாவவில்லை.

அடுத்தது ஒரு தச்சர். அவரும் பழைய ஆள். இருபத்தாறு. தாவவில்லை.

துருவி முக்காலியை இன்னும் முன்னால் இழுத்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் பிழைகளை அவளுக்கு நன்றாகத் தெரியும். விருந்தாளி வந்தால் மட்டும் சமர்த்தாக இருக்கும் குழந்தைகள் மாதிரி.

அடுத்து உட்கார்ந்திருந்தது யாரோ புதுப் பெண். மேசையக்கா அவளை ஒரு கணம் பார்த்தாள். முகப்பில் இருந்த பட்டனைத் தட்டவில்லை. இருபத்தேழு என்ற எண்ணைத் தொட்டாள். சின்னதாக ஒரு பெயர்ச்சீட்டு திரையில் விரிந்தது. அந்தப் பெண்ணின் பெயர், வயது, என்ன தொந்தரவு என்ற விவரம். அடியில் 'அழைக்க' என்று இன்னொரு பட்டன். அதைத் தட்டினாள், ஒரே தடவை. வாய் நிறையப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

சுவரில் இருபத்தேழு மின்னி மறைந்து, இருபத்தெட்டு வந்து நின்றது.

ஓரமாக உட்கார்ந்திருந்த இருபத்தெட்டாம் எண்காரர் இதைப் பார்த்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். மெதுவாகச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

"ஐயா, அப்படியே உட்காருங்க," என்றாள் துருவி. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள், "அக்கா, அந்தச் சீட்டை எதுக்குத் திறந்தீங்க?"

"பேரு தெரிய வேண்டாமா?"

"நம்பர்தான் சுவத்துல வருதே."

மேசையக்கா கொஞ்சம் கூச்சப்பட்டாள். "இங்க வர்றவங்க எல்லாரும் பயந்துபோய் வர்றவங்கம்மா. பதினாறு வான்னு கூப்பிட்டா இன்னும் பயம் அதிகமாகும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, தெரிஞ்ச இடத்துக்கு வந்த மாதிரி எழுந்து வருவாங்க. பழைய ஆளுங்க பேரு எனக்குத் தெரியும். புதுசா வர்றவங்களுக்கு மட்டும் சீட்டைப் பார்ப்பேன்."

துருவி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். பெயர்ச்சீட்டுக்கான வரிகளைத் திறந்தாள். மேலிருந்து கீழே படித்தாள். மறுபடி படித்தாள். எந்த வரியை யார், எப்போது மாற்றினார்கள் என்ற பட்டியலையும் பார்த்தாள். முகம் வெளுத்துப் போனது.

அத்தானிடமிருந்து போன் வந்தது. துண்டித்தாள்.

12.50. டாக்டர், மேசையக்கா, பன் கன்னத்து டிரைவர் மூவரும் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"குற்றவாளி கிடைச்சாச்சு," என்றாள் துருவி. "டாக்டர், நீங்க தட்டினது முகப்புல இருக்கிற பட்டன். அதுல தப்பு இல்ல. அக்கா புது ஆளுங்களுக்குப் பெயர்ச்சீட்டுக்குள்ள இருக்கிற பட்டனைத் தட்டுறாங்க. தப்பு அங்க இருக்கு."

"ஒரு தட்டுதானே தட்டினாங்க?"

"ஒரு தட்டுதான். கேட்டது ரெண்டு காது. பட்டன்ல விழற தட்டு பட்டனோட நிக்காது. பட்டன் யார் மடியில உட்கார்ந்திருக்கோ, அந்தச் சீட்டுக்கும் போய்ச் சேரும். இத்தனை நாள் சீட்டு எதையும் கண்டுக்காம இருந்துச்சு. இப்ப அதுவும் பட்டன் மாதிரியே அடுத்தவரைக் கூப்பிடுது. அக்கா பதினாறைக் கூப்பிட்டாங்க. அதே தட்டைக் கேட்டுட்டு சீட்டு பதினேழைக் கூப்பிட்டுச்சு. அக்காவுக்கு முதுகுக்குப் பின்னாடி நடந்தது தெரியல. அதனால இவரை உட்காரச் சொன்னாங்க."

டிரைவர் இப்போதுதான் மனம் ஆறியவர்போல மேசையக்காவைப் பார்த்தார்.

"சீட்டுக்கு எதுக்குக் காது வச்சாங்க?" டாக்டர் விடவில்லை.

"அக்கா விரலுக்குப் பட்டன் அகப்படலன்னு சொன்னாங்க. சீட்டுல எங்க தொட்டாலும் வேலை செய்யட்டும்னு ஒருத்தர் மாத்தினாங்க. நல்ல எண்ணம்தான். சீட்டுக்கு வேலையைக் குடுத்தவங்க, பட்டன்கிட்ட இருந்து அதை வாங்கியிருக்கணும். வாங்கல. வெள்ளிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கிறப்ப, வீட்டுக்குப் போற அவசரம். பொறுப்பா பேரைச் சொல்லிக் கூப்பிடுறவங்க தலையில பழி விழுந்துடுச்சு."

"யார் அந்த ஆள்?"

துருவி எச்சில் விழுங்கினாள். இடது பக்கமாகவே விழுங்கினாள். "நான்தான் டாக்டர். லெட்டர்ல அப்படித்தான் எழுதப் போறேன்."

மேசையக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் தொண்டையைச் செருமினார். "அக்கா, அந்த ஓய்வு பத்தி நான் சொன்னதை மறந்துடுங்க." பிறகு துருவியிடம், "பேசாம அந்தச் சீட்டையே எடுத்துடலாமே?" என்றார்.

"சீட்டு இருக்கும். பட்டன்ல இருக்கிற ஒரு வரிதான் போகும்." அவள் அந்த வரியை அங்கேயே அழித்தாள். எழுத மூன்று நிமிடம், அழிக்க மூன்று நொடி, நடுவில் பத்தொன்பது மனிதர்கள்.

டிரைவரை மேசையக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவ்வளவு நேரம் தன் முறைக்காகச் சண்டை போட்டவர், முறை வந்ததும் வலி குறைந்துவிட்டதாகச் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

மதியம் 1.30. அத்தனை பேரையும் பார்த்து முடித்தாகிவிட்டது. டாக்டர் இன்னும் சாப்பிடப் போகவில்லை. துருவி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"சரி பண்ணிட்டீங்க, சரி. சோதிச்சுப் பார்க்க வேண்டாமா?" என்றாள் மேசையக்கா. குரலில் பன்னிரண்டு வருடத் தெம்பும் திரும்பியிருந்தது. "புது ஆளா ஒருத்தர் வேணும்."

"இப்ப யாரும் இல்லையே அக்கா."

"வந்ததுலேருந்து பார்க்கிறேன். எச்சில் முழுங்கறதுகூட இடது பக்கமாதான். அப்பப்ப வலது கன்னத்துல கை போகுது. எத்தனை மாசமா வலி?"

துருவி வாசலைப் பார்த்தாள். வாசலில் டிரைவர் வாயில் பஞ்சோடு வழியை அடைத்துக்கொண்டு நின்றார்.

டோக்கன் அச்சாகி வந்தது. முப்பத்தொன்று. மேசையக்கா பெயர்ச்சீட்டைத் திறந்தாள். வீங்கிய விரலால் 'அழைக்க' என்ற பட்டனை ஒரே ஒரு தடவை தட்டினாள். துருவியின் முழுப்பெயரையும் வாய் நிறையச் சொல்லிக் கூப்பிட்டாள்.

துருவி சுவரையே பார்த்தாள். முப்பது போய் முப்பத்தொன்று வந்தது. முப்பத்திரண்டுக்குத் தாவிவிடாதா என்று, தன் தொழிலுக்கே துரோகமாக, அவள் மனதார வேண்டிக்கொண்டாள். எண் அசையவில்லை.