ஏழாம் தெருத் தண்ணீர்

செவ்வாய்க் கிரகத்தின் அமுதநகரில் காலையில் எல்லோரும் குடிப்பது, முந்தைய நாள் ஊரே கழித்த சிறுநீரைத்தான். யாரும் முகம் சுளிப்பதில்லை. நீர்மீட்பி என்ற இயந்திரம் அதைப் பளிங்கு மாதிரி வடித்துக் கொடுத்துவிடும்.

நீர்மீட்பிக்கு மூளையும் உண்டு. யாருடைய சிறுநீரில் என்ன கோளாறு என்று பெயரோடு திரையில் காட்டும். அதன் பொறுப்பாளன் செழியன்தான் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "நம்ம வீட்டுப் பொம்பளைங்க சமாச்சாரமெல்லாம் திரையில ஓடணுமா? அசிங்கமா இல்ல?" என்று கேட்டான். எல்லோரும் கை தட்டினார்கள். பெண்களின் பெயர்களை இயந்திரத்திலிருந்தே அழித்தார்கள்.

அவன் மனைவி அல்லிக்கு ஆறாம் மாதத்தில் நீர் பிரியும்போது எரிச்சல் தொடங்கியது. பிறகு முதுகில் குத்தல், குளிர்ஜுரம். மருத்துவ எந்திரன் ஆண்குரலில் பேசும். அதனிடம் போய் எப்படிச் சொல்வது? வாயும் வயிறுமாக இருந்தால் இதெல்லாம் சகஜம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். எரிச்சலுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையும் குறைத்தாள், பாவம்.

"ஏழாம் தெருவில் ஒரு பெண்ணின் சிறுநீரகத்தில் கிருமி" என்று நீர்மீட்பி தினமும் அலறியது. செழியனும் தினமும் ஓடிப்போய் வடிகட்டியை மாற்றினான்.

"நம்ம தெருவுல யாருக்கோ உடம்பு சரியில்ல போல. நீ எதுக்கும் தண்ணிய காய்ச்சிக் குடி" என்றான் வீட்டில், அக்கறையாக.

"சரிங்க" என்றாள் அல்லி.

ஏழாம் மாதமே குழந்தை பிறந்துவிட்டது. ஒரு கைக்குள் அடங்குகிற பெண் குழந்தை. பொழுது சாய்வதற்குள் மூச்சு நின்றது.

"சிறுநீரகத் தொற்றால் நஞ்சுக்கொடி பழுதாகியிருக்கிறது" என்றது மருத்துவ எந்திரன். "குழந்தைக்கு ஊட்டம் சரியாகப் போகவில்லை. பிரசவமும் முந்திக்கொண்டது. ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் மருந்து கொடுத்திருப்பேன்."

செழியன் உடைந்து அழுதான். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, அல்லி!"

"எப்படிங்க சொல்றது? அசிங்கம்னு நீங்கதானே கூட்டத்துல சொன்னீங்க."

அடுத்த கூட்டத்தில், பெயர்களைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சினான் செழியன்.

"உன் பிள்ளை போனதுக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றார் தலைவர்.

அல்லி எழுந்தாள்.

"ஒண்ணுக்குப் போறப்ப எனக்கு எரிஞ்சுதுங்க. வெளிய சொல்ல வெட்கப்பட்டேன். என் பிள்ளை போயிடுச்சு."

"இதையெல்லாம் போய் சபையில..." என்று தலைவர் முனகினார். யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கூச்சத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், ஆளாளுக்கு எதிரிலிருந்த தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார்கள்.