முழுவதும் கேட்டு வா

மேலைக் குன்றுகளுக்குப் பின்னால் கதிரவன் இறங்கியதும், அவனுக்காகவே காத்திருந்தவளைப் போல் கீழைத் திசையில் முழுமதி எழுந்து, வெள்ளாற்றின் அகன்ற நீர்ப்பரப்பெங்கும் வெள்ளியை உருக்கி வார்த்துக்கொண்டிருந்தாள். நாணற் காடுகளில் நாரைகள் அடங்கின. மருத மரங்களின் நிழல் நீரில் நீண்டு நெளிந்தது. ஆனால் அன்புள்ள வாசகர்களே, அந்த எழிலில் நெஞ்சைப் பறிகொடுக்க நெடுங்குன்றக் கோட்டையில் அன்று ஒருவருக்கும் அவகாசம் இல்லை. அக்கரை நெடுகப் பகைவன் கட்டியரையனின் பாசறைத் தீக்கள் செந்நிறக் கண்களைப்போல் கோட்டையையே வெறித்துக்கொண்டிருந்தன.

அத்தனை பெரிய முற்றுகையிலும் கோட்டை விழாமலிருந்ததற்குக் காரணம் ஒரு சுருங்கை. நிலத்தடியே ஓடி ஆற்றங்கரையில் எங்கோ திறக்கும் அந்த வழியாகத்தான் நெல்லும் அம்பும் உள்ளே வந்துகொண்டிருந்தன. சுமையாட்கள் கண்கள் கட்டப்பட்டே அழைத்துச் செல்லப்பட்டார்கள். அதன் வெளிவாய் இருக்குமிடத்தை அறிந்தவர்கள் நாட்டை ஆண்ட கோமான் வீரகண்டரும், நீர்வாயிற் காவலன் ஏறனும் மட்டுமே.

அந்த ஏறனைச் சோதிக்கும் கட்டளையைப் பெறுவதற்காகப் பொற்காளி, தேர்வு நாயகம் உத்தரங்கரின் முன்னிலையில் நின்றாள்.

நெடுங்குன்றத்தில் ஒருவனிடம் அரசாங்க இரகசியம் ஒப்படைக்கப்படுவது எளிதில் நடக்கிற காரியமன்று. முதலில் அவன் ஊருக்கு ஆள் போகும். அண்டை வீட்டார், பெண் கொடுத்தவர்கள், பழைய படைத்தலைவர்கள் எல்லோரும் விசாரிக்கப்படுவார்கள். பிறகு தர்மத்தின் பெயரைச் சொல்லி ஒருவர் அரசருக்கு எதிராக அவனைத் தூண்டுவார். இன்னொருவர் பொன்னை நீட்டுவார். ஓர் அழகி புன்னகை புரிவாள். கடைசியில் முகத்தை மறைத்த ஆட்கள் அவன் கழுத்தில் வாளை வைப்பார்கள். இவ்வளவையும் கடந்தவன்கூட நிம்மதியாக இருந்துவிட முடியாது. போர் மூளும்போதெல்லாம் சோதனை மீண்டும் தொடங்கும்.

அந்தப் புன்னகை புரியும் அழகிதான் பொற்காளி. அவளுடைய கண்வீச்சில் பதவி இழந்த பெருமக்கள் பலர். அவளுடைய தொழிலுக்கு மாறாத விதி ஒன்று இருந்தது. சோதிக்கப்படுகிறவன் இரகசியத்தைச் சொல்ல வாயெடுத்த மாத்திரத்தில் அவள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட வேண்டும். அவன் தவறினான் என்பதே தேர்வுக்குப் போதுமானது. இரகசியம் சோதிக்கிறவருக்குத் தேவையில்லை.

"பெண்ணே! ஏறனை நீ எவ்வளவு வெறுக்கிறாய் என்பது எனக்குத் தெரியும்" என்றார் உத்தரங்கர், நரைத்த தாடியை நீவியபடி. "உன் தமையனைச் சோதித்தபோது எதிராகச் சாட்சி சொன்னவன் அவன். இன்று உனக்கு நாள் வாய்த்திருக்கிறது. சுருங்கையின் வாயைப்பற்றி அவன் பேசத் தொடங்கினால் எழுந்து வந்துவிடாதே. முழுவதும் கேட்டு வா."

பொற்காளி ஒரு கணம் விழித்தாள். "ஐயனே, விதி..."

"விதியை வகுத்தவன் நான்தான்! போய் வா!"

அவள் தலைவணங்கி வெளியேறினாள். ஆயினும் படிகளில் இறங்கும்போது அந்தக் கட்டளையை மனத்துக்குள் மீண்டும் சொல்லிப் பார்த்தாள்.

நீர்வாயிலின் அடிப்படியில், வேலை மடியில் கிடத்தி, அக்கரைத் தீக்களைப் பார்த்தவாறு ஏறன் அமர்ந்திருந்தான். கருங்கல்லில் செதுக்கியது போன்ற அகன்ற மார்பு. இடது கன்னத்தில் வாள்வடு. சிலம்பொலி கேட்டும் அவன் திரும்பவில்லை.

"வாருங்கள், தேர்வு நாயகத்தின் தூண்டிலே! இத்தனை நாள் தாமதித்ததுதான் வியப்பு. புன்னகை புரிந்துவிட்டுப் போங்கள். எனக்குக் காவல் இருக்கிறது."

"உம்மைப் பார்த்துப் புன்னகை புரிய என்னால் ஆகாது" என்றாள் பொற்காளி. ஒத்திகை பார்த்து வந்த சொற்களெல்லாம் எங்கோ போய்விட்டன. "என் தமையன் உம்மோடு ஓரிலையில் உண்டவன். அவனை எல்லைக் காவலுக்குத் துரத்திச் சாகவைத்தது உமது நாக்கு."

ஏறன் இப்போதுதான் திரும்பினான். "குடித்தால் அவன் வாய் நிற்காது. கேட்டார்கள், சொன்னேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவன் இறந்த செய்தி வந்தபோது நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லவேண்டிய கடமை எனக்கில்லை."

அந்த மறுமொழி கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அவன் மன்னிப்புக் கேட்டிருந்தாலும், மழுப்பியிருந்தாலும், ஒருவேளை அவள் தன் வேலையைத் தொடங்கியிருப்பாள். அவனோ உண்மையைச் சொல்லிவிட்டு மீண்டும் ஆற்றைப் பார்க்கத் திரும்பிவிட்டான். எரிச்சல் தாளாமல் அவள் ஒரு படி இறங்கினாள்.

"கேளும், காவலரே! எனக்கு இடப்பட்ட கட்டளை மாறியிருக்கிறது. நீர் சொல்லத் தொடங்கினால் காதைப் பொத்தவேண்டாம், முழுவதும் கேட்டு வா என்கிறார். சோதிக்கிறவருக்குச் சுருங்கையின் வாய் எதற்கு?"

மின்வெட்டும் நேரத்தில் எழுந்த ஏறனின் வேல்முனை அவளுடைய கழுத்தருகே வந்து நின்றது. "இதுவும் சோதனையின் ஓர் அங்கம். என்னைத் தேர்வு நாயகத்தின்மேல் ஐயங்கொள்ளச் செய்து, கலகம் பேசவைக்கும் சூழ்ச்சி!"

"இருக்கலாம். நானே அப்படித்தான் நினைத்திருப்பேன். என்னை நம்பாதீர்! நம்பும்படி நான் கேட்கவும் இல்லை. சுருங்கையின் வாய் இல்லாத இடம் ஒன்றைச் சொல்லும். அதை நான் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். நான் சொல்வது பொய்யானால் உமக்கோ கோட்டைக்கோ ஒன்றும் குறைந்துவிடாது. மெய்யானால், அந்த இடத்துக்கு யார் வருகிறார் என்று நீரும் கோமானும் கண்ணாரக் காணலாம்."

ஏறன் அவள் முகத்தை நெடுநேரம் நோக்கினான். அந்த முகத்தில் நட்பின் சாயல் மருந்துக்கும் இல்லை. அதுவே அவனுக்குப் பிடித்திருந்தது போலும். வேல் மெல்லத் தாழ்ந்தது.

"தாழைப் புதர் மண்டிய பழைய ஓடத்துறை" என்றான்.

இடத்தின் பெயரைக் கேட்டதும் உத்தரங்கரின் கண்களில் ஒளியொன்று தோன்றி மறைந்தது. "நன்று செய்தாய்" என்றார். ஆனால் பொற்காளி வாயிலை அடையுமுன் காவலர்கள் குறுக்கே வேலை நீட்டினார்கள். "அவசரம் என்ன? நாளை அந்தி வரையில் நீ என் விருந்தாளி. சொன்ன இடத்தை நீயே வந்து காட்டலாம்."

மறுநாள் அந்தி மயங்கும் வேளையில், தாழம்பூவின் மணம் கனத்த அந்த ஓடத்துறையில், மணிக்கட்டுகள் பிணைக்கப்பட்டவளாய் அவள் நின்றாள். உத்தரங்கர் தீவட்டியை உயர்த்தி வட்டமிட்டுக் காட்டினார். அக்கரையிலிருந்து கட்டியரையனின் ஓடங்கள் ஓசையின்றி நீரைக் கிழித்துக்கொண்டு வந்தன. முதல் ஓடம் கரை தொட்டதுதான் தாமதம், தாழைப் புதர்கள் அனைத்தும் உயிர்பெற்றாற்போல் எழுந்தன. அம்புகள் சீறிப் பாய்ந்தன; ஓடங்கள் கவிழ்ந்தன; கூக்குரல் ஆற்றை நிறைத்தது. புதர்களின் நடுவிலிருந்து ஏறன் வெளிப்பட்டான். அவனுக்குப் பின்னால், உருவிய வாளோடு கோமான் வீரகண்டர்!

உத்தரங்கர் பொற்காளியை இழுத்துத் தம் முன்னே நிறுத்தி, அவள் தொண்டையில் கத்தியைப் பதித்தார்.

"தாங்களா!" என்றார் கோமான். "என் தந்தையார் தங்களைத் தெய்வமாக மதித்தாரே! இந்நாட்டில் யார் நம்பத்தக்கவர் என்று நாங்கள் தங்களைத்தானே கேட்டோம்!"

உத்தரங்கர் சிரித்தார். "ஆம், எல்லோரையும் பற்றி என்னைக் கேட்டீர்கள். என்னைப் பற்றி ஒருவரையும் கேட்கவில்லை. உத்தரங்கரே, உமது ஊர் எது, உறவினர் யார் என்று உம் தந்தை அன்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே என் கதை முடிந்திருக்கும். நான் கட்டியரையனின் மூத்த தமையன்! ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள் நாங்கள்! வழி விடும், இல்லையேல் இவள்..."

அவர் முடிக்கவில்லை. பொற்காளி கால்களைத் தளரவிட்டுத் தன் முழுப் பாரத்தையும் பின்னால் சாய்த்தாள். வழுக்கும் சேற்றில் கிழவரின் பாதம் நிலைகொள்ளவில்லை. இருவரும் ஆற்றில் விழுந்தார்கள். கத்தி அவள் தோளைக் கீறிச் சென்றது. கட்டிய கைகளாலேயே அவள் அவருடைய தாடியைப் பற்றி நீருக்குள் அழுத்தியபடி கிடக்க, ஏறன் பாய்ந்து வந்து அவரை விடுவித்துப் பிணைக்க வேண்டியதாயிற்று.

"விடுங்கள், அம்மணி! உயிரோடு வேண்டும்!" என்று அவன் இரைந்த பிறகே அவள் பிடி தளர்ந்தது.

மறுநாள் காலை அத்தாணி மண்டபத்தில், தோளில் கட்டோடு நின்ற பொற்காளியிடம் தேர்வு நாயகத்தின் முத்திரை மோதிரத்தைக் கோமான் நீட்டினார். அவள் கைகூப்பினாள், மோதிரத்தை வாங்கவில்லை.

"மன்னர் பெருமான் பொறுத்தருள வேண்டும். என்னையும் யாரும் சோதித்ததில்லை. என்னைத் தேர்ந்தெடுத்தவர் உத்தரங்கர். முறைப்படி சோதித்துத் தேறினாலன்றி இம்மோதிரத்தைத் தொடமாட்டேன். இந்தப் பதவியில் இருக்கும் காலமெல்லாம், மற்றவரைச் சோதிக்கும்போது நானும் சோதிக்கப்படுவேன். இது என் தமையன்மேல் ஆணை!"

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. "உன்னைச் சோதிக்கத் தகுந்தவர் யார்?" என்று வியந்து கேட்டார் கோமான்.

"நீர்வாயிற் காவலர்."

"ஏறனா? அவன் உனக்குப் பகைவனாயிற்றே!"

"ஆகையினால்தான் கேட்கிறேன், பெருமானே. உயிர்த் தோழனைப் பற்றிக்கூட உள்ளதை உள்ளபடி சொன்ன வாய் அது. என்னிடம் அவர் சலுகை காட்டமாட்டார்."

கோமான் ஏறனை நோக்கித் தலையசைத்தார். அவன் முன்னே வந்து அவளுக்கெதிரில் நின்றான்.

"உமது உறவினர் யார்?"

"ஒருவருமில்லை. இருந்த ஒரே தமையன் எல்லையில் மாண்டான்."

"யார்மேலாவது பகை உண்டா?"

"உண்டு. தங்கள்மேல்."

"இப்போதுமா?"

பொற்காளி நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள்.

"நேற்று மாலை வரையில் ஐயமின்றி இருந்தது. இன்று தெரியவில்லை" என்றாள். அவளுடைய முகம் சிவந்தது. "இதைவிட உண்மையான விடை என்னிடம் இல்லை."

ஏறன் கோமானின் பக்கம் திரும்பினான்.

"பெருமானே, இவர் பொய் சொல்லவில்லை. அடுத்த கேள்விக்குப் போகிறேன்."