நான்காம் மேசையின் பூஜ்யங்கள்

காலை பத்து மணிக்குள் இரண்டு பல்வலி, ஒரு முதுகு. பல்வலிக்காரர்களுக்கு ஆளுக்கு மூன்று போட்டேன். முதுகுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். நான் கச்சையைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே முனக ஆரம்பித்துவிட்டார். கட்டிப் பார்த்தால் நான்குதான். ஆறு இருந்தால்தான் விடுப்பு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

தூத்துக்குடி வலிச்சான்று அலுவலகத்தில் நான் நான்காம் மேசைச் சாட்சி. பெயர் இசக்கியம்மாள். கூடத்தில் காத்திருப்பவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் கல்லு இசக்கி. நாலாம் மேசை மட்டும் வந்துவிடக் கூடாது என்று அவர்கள் கும்பிட்டுக்கொள்வது எனக்குத் தெரியும். அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வலியை வாய்ச்சொல்லில் நம்புவது சட்டப்படி நின்றுபோய் இருபத்தோரு வருடம் ஆகிறது. டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. அரசாங்கச் சாட்சி ஒருவர் வலிக்கடத்தியைக் கட்டிக்கொண்டு, எதிரில் இருப்பவரின் வலியைத் தன் உடம்பில் வாங்கி, பத்துக்கு இத்தனை என்று எழுத வேண்டும். ஊரில் அதைப் பெயின் லிங்க் என்பார்கள். இரண்டு இடுப்புக் கச்சை, நடுவில் ஒரு வயர், அவ்வளவுதான். அது நம் வலியோடு எதையும் கூட்டாது. எதிராளியின் அளவு எதுவோ, அதுவரை நம் உடம்பில் அதே இடத்து நரம்பை ஏற்றிவிடும். எவ்வளவு ஏறியது என்று சொல்வது என் வேலை. அதனால் சாட்சிக்குத் தன் வலி என்று எதுவும் இருக்கக் கூடாது. வேலைக்குச் சேரும்போது கேட்டார்கள். இல்லை என்றேன்.

பொய் சொல்லவில்லை. சேர்வதற்கு முன்பே, முப்பத்தொரு வயதில் எனக்கு எண்டோமெட்ரியோசிஸ் ஆபரேஷன் நடந்திருந்தது. கருப்பைக்குள் இருக்க வேண்டிய திசு வெளியே குடலிலும் சிறுநீர்ப்பையிலும் முளைத்து ஒட்டியிருந்தது. டாக்டர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வீடியோவும் போட்டுக் காட்டினார். "சுத்தமாயிட்டும்மா, இனி ஒண்ணுமில்ல" என்றார். வீட்டிலும் அதையே சொன்னார்கள். அதற்குப் பிறகும் உள்ளே இருந்ததை நான் வலி என்று நினைக்கவில்லை. எடுத்தாயிற்றே, பிறகு எங்கிருந்து வலிக்கும்? உடம்பென்றால் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான்.

இடுப்பு, அடிவயிற்று வழக்குகள் அதிகமும் என் மேசைக்கே வரும். அதில் பொய்யைப் பிடிப்பதில் நான் கெட்டிக்காரி என்று பெயர். கட்டிப் பார்த்தால் பெரும்பாலும் பூஜ்யம், மிஞ்சினால் ஒன்று. அதற்காகப் பாராட்டுக் கடிதமெல்லாம் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று நான்காவதாக வந்தவள் சலேத் மேரி. இருபத்தெட்டு வயது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் சல்லடைத் தகடுகளில் படியும் உப்பைச் சுரண்டும் வேலை. ஒன்பது மணி நேரம் நிற்க வேண்டும். என் வியாதியேதான், ஏழு மாதத்துக்கு முன்னால் ஆபரேஷன் ஆகியிருந்தது. வேலை நேரத்தில் இரண்டு முறை தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். மூன்றாம் முறை உட்கார்ந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். ஆறு கிடைக்காவிட்டால் நாளைக் காலையே அவள் லைனுக்குப் போய் நின்றாக வேண்டும்.

கச்சையைக் கட்டி இயக்கினேன். ஒரு நிமிடம் போனது. எதுவும் ஏறவில்லை.

"ஒண்ணும் தெரியலியேம்மா."

வழக்கமாக இந்த இடத்தில் அழுவார்கள். இவள் அழவில்லை.

"நல்லாப் பாருங்கக்கா. வலது இடுப்பெலும்புக்கு உள்ள முடிச்சுப் போட்டு இழுக்க மாதிரி இருக்கும். ஒண்ணுக்கு முட்டுனா தொடை வரைக்கும் இறங்கும். எந்திரிக்கணும்னா மூச்சப் பிடிச்சிக்கிடணும்."

"அது எல்லாருக்கும் உள்ளதுதானம்மா. அதப் போயி வலிங்கியா?"

சலேத் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"எல்லாருக்குமா? எங்க லைன்ல நாப்பது பொம்பளைங்க இருக்கோம். கேட்டுப் பாத்துட்டேன், யாருக்கும் இல்ல." குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு இருக்காக்கா? கக்கூஸ் போனா பல்லக் கடிச்சிக்கிடுவீங்களா?"

எல்லாரும் கடித்துக்கொள்வார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். யாரிடமும் கேட்டதில்லை. இதைப் போய் யாரிடம் கேட்பது?

கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் கோமதிநாயகத்தைக் கூப்பிட்டேன். ஆறடி ஆள். கபடியில் கால் முறிந்தபோதும் சிரித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனதாகச் சொல்லிக்கொள்வார். "மிஷின்ல ஏதோ கோளாறு போல, சும்மா ஒரு நிமிசம் கட்டிப் பாருங்க" என்று சாட்சிக் கச்சையை அவருக்குக் கொடுத்து, மனுதாரர் கச்சையை நான் கட்டிக்கொண்டேன்.

பதினொரு விநாடி தாங்கினார். கச்சையைப் பிய்த்து எறிந்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டே தரையில் சரிந்தார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"என்னங்க இது? இதோடயா தெனமும் பஸ் ஏறி வாரீங்க?"

"எத்தன இருக்கும்?"

"எட்டு. எட்டுக்கு மேலயே இருக்கும்."

எனக்கு அழுகை வந்தது. முதலில் எனக்காகத்தான் அழுதேன், மறைப்பானேன். ஒருவரும் என் உடம்பைப் பற்றி இப்படிக் கேட்டதேயில்லை. சலேத்தின் முன்னால் எண் எழுதாமல் கிடந்த சான்றுத்தாள் கண்ணில் பட்ட பிறகுதான் மற்றது உறைத்தது. அவளிடம் ஒன்றும் இல்லாமல் இல்லை. அவளுடையதும் என்னுடையதும் ஒரே வலி; என் நரம்பு ஏற்கெனவே எட்டில் நின்றதால் அதற்கு ஏற இடமில்லை. என்னிடம் பூஜ்யம் வாங்கிப் போனவர்கள் எல்லாருக்கும் எட்டு வரை இருந்திருக்கலாம்.

தாளில் எட்டு என்று எழுதி முத்திரை வைத்தேன். சலேத் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"உங்களுக்கு யாருக்கா போடுவா?" என்று கேட்டாள்.

அவள் போன பிறகு கோமதிநாயகம் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "விதிப்படி நான் மேல எழுதணும். எழுதுனா உங்க சீட்டு போயிரும். அந்தப் பிள்ளைக்குப் போட்டதும் செல்லாது."

"எழுதாதீங்க."

"எழுதல" என்று வயரைச் சுருட்டினார்.

ஒரு வருடம் கழிந்த வழக்கைச் சாட்சி நினைத்தால் மறுபடி கூப்பிட்டுப் பார்க்கலாம். பட்டியலை எடுத்தேன். அடிவயிற்று வழக்குகளில் நான் பூஜ்யமும் ஒன்றும் போட்டவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, அவர்கள் வாயால் சொல்வதைக் கேட்டே எல்லாருக்கும் சரியான எண்ணைப் போட்டுவிட்டுத்தான் இந்த நாற்காலியை விட்டு எழுவது என்று முடிவு செய்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் முதல் பெயருக்கு ஃபோன் போட்டேன். பிரம்மசக்தி, பேட்டரி ஆலைத் தொழிலாளி. எட்டு வருடத்துக்கு முந்தைய வழக்கு. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"நாலாம் மேசை அக்காவா! நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. அன்னைக்கு உனக்கு நான் போட்டது தப்பு. மறுபடி பாக்கணும், ஒருநாள் வா."

"எதுக்குக்கா? நீங்க பூஜ்யம் போட்ட அன்னைக்கே நான் தெளிஞ்சிட்டேன். அதுவரைக்கும் பெரிய சீக்காளின்னு நெனச்சிக்கிட்டு வீட்ல எல்லாரையும் பாடாப் படுத்துனேன்."

"இப்ப வலிக்கலியா?"

"அது பாட்டுக்கு இருக்கும். அதுக்குப் பேரு வலி இல்லன்னு நீங்கதான பாத்துச் சொன்னீங்க." சிரித்தாள். "எம்மவ இருக்காள்ல, பதினாலு வயசு. அவளும் அதே கதையத்தான் ஆரம்பிச்சா. மாசம் நாலு நாள் சுருண்டு சுருண்டு படுத்துக்கிடுவா. நான் விடுவனா? உங்க தாள எடுத்துக் காட்டி, பாருட்டி, கவர்மெண்டே கட்டிப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு எழுதிருக்குன்னு சொல்லி, முதுகுல ரெண்டு போட்டு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிருவேன். இன்னைக்கும் அப்படித்தான் போயிருக்கா."

"பிள்ள அழலியா?" என்று கேட்டேன்.

"மொதல்ல அழுதுக்கிட்டுத்தான் கெடந்தா" என்றாள் பிரம்மசக்தி பெருமையாக. "இப்பல்லாம் சத்தமே கெடையாது. பழகிட்டாக்கா."