வெறுங்குழாய் ஏன் ஒளிர்ந்தது?

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அப்பா கிணற்றடியில் வாளியோடு உட்கார்ந்திருந்தார். தண்ணீரில் வெண்மைப் பொடி கரைந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசைக்குக் கட்டும் வேட்டியை அதில் முக்குவது அவர் வேலை. வேறு யாரையும் விடமாட்டார்.

"ராணி, உன் ரிப்பனையும் கொண்டா. வெள்ளை ரிப்பன் மட்டும்தான். கலர் துணி எதுவும் இந்த வாளிக்குள்ள வரக்கூடாது," என்றார் என்னிடம்.

"ஒரு கரண்டி போதும்னு டப்பாவுல போட்டிருக்கு," என்றார் அம்மா.

"அது மத்தவங்க வேட்டிக்கு," என்று அப்பா இரண்டாவது கரண்டியையும் போட்டார். "நாளைக்குச் சாமியாரோட அங்கியே என் வேட்டியைப் பார்த்து வெக்கப்படணும்."

வேட்டி கொடியில் காய்ந்தது. அப்பா அதைக் கட்டவில்லை. விடிவதற்குள் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார்.

காட்டூர் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். அம்மாவின் பெயர் ரோசம்மாள். திருச்சியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சியும் செய்துவந்தார். சில மாதங்கள் கழித்து ஒருநாள் அலமாரியைத் திறந்து, அந்த வேட்டியை எடுத்துச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினார்.

"ஏம்மா வெட்டுறே?"

"உள்ளேயே வச்சா பூச்சிதான் திங்கும். லேபுல கண்ணாடிக் குழாய் துடைக்க மெத்துன்னு துணி வேணும். என்கூட வரட்டும்."

வெட்டிய துண்டுகளை அவர் அலசக்கூட இல்லை. அப்பா துவைத்த துணியை மறுபடியும் துவைக்க அவருக்கு மனம் வரவில்லை.

அது 1984, கோடை விடுமுறை. வீட்டில் தனியாக விடமுடியாததால் அம்மா என்னையும் லேபுக்கு அழைத்துப்போவார். ஒருநாள் பஸ்ஸில் அவர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். சென்னையிலிருந்து இரவலாக வந்த ஒளி அளக்கும் மெஷின் அன்று மாலை லாரியில் திரும்பிப்போக வேண்டும். அம்மாவுக்கோ இன்னும் ஒரு எண்கூடச் சரியாகக் கிடைக்கவில்லை.

"கிடைக்கலைன்னா என்னம்மா ஆகும்?"

"இத்தனை வருஷ வேலையும் அப்படியே நின்னுபோகும்."

ஸ்ரீரங்கத்து வயல்களிலிருந்து கொண்டுவந்த நெல் நாற்றுதான் அம்மாவின் ஆராய்ச்சி. நாற்றின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் டி.என்.ஏ. என்று கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழை இருக்கிறது. நாற்றை அரைத்து, வடிகட்டி, அந்த இழையைப் பிரித்தெடுத்துத் தண்ணீரில் கரைப்பார்கள். அதில் ஒரு சாயத்தை விடுவார்கள். சாயம் இழையில் போய் ஒட்டிக்கொண்டால், ஊதா விளக்கின் முன் நீலமாக ஒளிரும். இழை அதிகம் இருந்தால் ஒளியும் அதிகம். எவ்வளவு ஒளி என்பதை மெஷின் எண்ணாகக் காட்டும்.

முதலில் வெறுங்குழாயை வைத்துப் பார்க்க வேண்டும். அதில் தண்ணீரும் சாயமும் மட்டும் இருக்கும், இழை இருக்காது. ஆகவே எண்ணும் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும்.

மெஷின் நாற்பது என்று காட்டியது.

அம்மா குழாயை வெளியே எடுத்து, வேட்டித் துணியால் நன்றாகத் துடைத்து மறுபடி வைத்தார். ஐம்பத்திரண்டு. இன்னும் அழுத்தித் துடைத்தார். அறுபத்தொன்று.

சாயத்தை மாற்றினார். தண்ணீரை மாற்றினார். குழாயையே மாற்றித் துடைத்து வைத்தார். வெறுங்குழாய் ஒளிர்ந்துகொண்டே இருந்தது.

"கரண்டு வந்து வந்து போகுதுல்ல, அதான் மெஷின் கோவிச்சுக்குது டீச்சரம்மா," என்றார் லேப் உதவியாளர் பிச்சைமுத்து அண்ணன். "ரெண்டு தட்டு தட்டிப் பாக்கட்டுமா?"

"வேணாம் பிச்சைமுத்து. புண்ணியமாப் போகும்."

அப்போது வாசலில் லாரி வந்து நின்றது. அம்மா ஜன்னல் வழியாக அதை எட்டிப் பார்த்தார்.

"சாயம் கெட்டுப்போச்சான்னு பார்த்துடுவோம். ஜன்னலைச் சாத்திட்டு ஊதாக் கை விளக்கைப் போடுங்க," என்றார் அம்மா. "ராணி, விளக்கை நேரா பார்க்காதே."

அறை இருட்டானது. அண்ணன் ஊதா விளக்கைப் போட்டதும் சிரித்துவிட்டார்.

"பாப்பா தலையில ரெண்டு ட்யூப்லைட் எரியுது."

சுவர்க் கண்ணாடியில் பார்த்தேன். என் சடையின் வெள்ளை ரிப்பன்கள் நீலமாக ஒளிர்ந்தன. சாயத்தின் அதே நீலம். ரிப்பனில் சாயம் எப்படி வந்தது என்று கேட்கத் திரும்பினேன். அம்மாவின் கையிலிருந்த வேட்டித் துண்டும் அதே நீலத்தில் ஒளிர்ந்தது, ரிப்பனைவிடப் பிரகாசமாக.

ரிப்பனும் வேட்டியும் ஒரே வாளியில், அதே வெண்மைப் பொடியில் முங்கியவை.

அந்தத் துணியால்தான் எல்லாம் கெடுகிறது என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்தால் லாரி போய்விடும்.

பாவாடைப் பையிலிருந்து என் கைக்குட்டையை எடுத்தேன். பழுப்புக் கட்டம் போட்டது. அப்பாவின் வாளிக்குள் ஒருநாளும் போகாதது. அதை விளக்கடியில் நீட்டினேன். இருட்டாகவே இருந்தது.

"அம்மா, ஒரே ஒரு தடவை இதால தொடைச்சுப் பாரேன்."

"மூக்கு சிந்தினதா?"

"இல்லம்மா. காலையிலதான் எடுத்தேன்."

அம்மா கைக்குட்டையைப் பார்த்தார். என் ரிப்பனைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த வேட்டித் துண்டைப் பார்த்தார்.

புதுக் குழாய் ஒன்றை எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, தண்ணீரும் சாயமும் ஊற்றினார். என் கைக்குட்டையால் வெளிப்பக்கத்தைத் துடைத்து மெஷினில் வைத்தார்.

மூன்று.

மறுபடி துடைத்து வைத்தார். மூன்றேதான்.

"துடைக்கத் துடைக்க, அந்த ஒளிர்ற வெண்மைப் பொடியை நான்தான் குழாயில பூசிக்கிட்டே இருந்திருக்கேன்," என்றார் அம்மா. வேட்டித் துண்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "ஒரு கரண்டி போதும்னு சொன்னேன். கேட்டாரா உங்கப்பா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, ஆனால் சிரிப்பு நிற்கவில்லை. அப்பா போனபிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

"பிச்சைமுத்து, லாரிக்காரரைக் கொஞ்சம் பார்த்துக்கங்க."

"மணப்பாறை முறுக்கு ஒரு பொட்டலம் இருக்கு டீச்சரம்மா. கடிச்சு முடிக்கவே பொழுது சாஞ்சிடும்."

நாற்றுக் குழாய்களை நான் ஒவ்வொன்றாக நீட்ட, அம்மா துடைத்து வைத்தார். இழை குறைந்த குழாய்க்குச் சின்ன எண், கூடிய குழாய்க்குப் பெரிய எண். கடைசிக் குழாயை வெளியே எடுத்தபோது, லாரிக்காரர் வாயில் முறுக்கோடு வாசலில் நின்றார்.

அம்மா வேட்டித் துண்டுகளை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதில் ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. துணி நைந்துபோய்விட்டது, ஓரமெல்லாம் பிரிந்துவிட்டது. ஊதா விளக்கின் அடியில் பிடித்தால் இன்னும் நீலமாகத்தான் ஒளிர்கிறது.