எதிரொலிக்காத ஏரி

தங்கை கூவியதை மலை திருப்பிக் கொடுக்கவில்லை.

மூன்று பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர், நடுவே அசைவே இல்லாத பச்சை நீர். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு இருமல்கூட நாலு தடவை திரும்பி வந்திருக்க வேண்டும். அவளும் அக்காவும் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை.

"இந்த மலைக்குக் காது கேக்காது போலக்கா," என்றாள் தங்கை, தணிந்த குரலில்.

"உன் தொண்டையைக் கேட்டுப் பயந்துருக்கும்டி."

தங்கை சிரித்தாள். ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்வது அவள் வேலை. வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். கணவனைப் பிரிந்து வந்த பிறகு, வேலை நேரம் போக வாயே திறக்காமல் சுருண்டு கிடந்தவளை, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அக்காதான் லீவு போட்டு இந்தப் பயணத்துக்கு இழுத்து வந்திருந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அக்காவுக்கு மலையேறிய கால்வலியெல்லாம் பறந்துவிட்டது.

ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றுவிட்டு, வெயில் முதுகில் இதமாக விழ, கரையோரப் பாதையில் நடந்தார்கள். ஈரப் பாசியும் மரப்பிசினும் கலந்த வாசனை. ஒரு பறவைகூடக் கத்தவில்லை என்பதை அக்கா அப்போதுதான் கவனித்தாள். சரளைக் கல் நெரியும் ஓசைகூடக் காலடியைத் தாண்டிப் போகாமல், யாரோ உடனுக்குடன் பொறுக்கி எடுத்துக்கொள்வதைப் போல, அங்கேயே அடங்கியது.

அப்போது எதிர்க்கரையிலிருந்து தங்கையின் கூவல் வந்தது.

"இப்பத்தான் வருதா? சரியான சோம்பேறி மலை!" தங்கை கைதட்டினாள்.

அடுத்து வந்தது அவள் சிரிப்பு. அதன் பின்னால், தெளிவாக, நிதானமாக: "இந்த மலைக்குக் காது கேக்காது போலக்கா."

அதை அவள் கூவவே இல்லை. பக்கத்தில் நின்று மெல்லச் சொன்னது. அக்கா எதிர்க்கரையை உற்றுப் பார்த்தாள்.

"பேசாம வா. கீழ போயிடலாம்."

தங்கையின் கையைப் பற்றிக்கொண்டு வேகமாக நடந்தாள். ஏரிமேல் மூடுபனி இறங்கியது. எதிர்க்கரை மறைந்தது. குரல் மட்டும் பனிக்குள் கூடவே வந்தது.

"அக்கா, மெதுவாப் போ. கால் வலிக்குது."

"இதை எப்ப சொன்ன நீ?"

தங்கை இல்லையென்று தலையாட்டினாள். வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. நாக்கு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை.

அக்கா அவள் வாயருகே காதை வைத்தாள். மூச்சு வந்தது. சில்லென்று இருந்தது.

"அக்கா, அது நான் இல்ல." பனிக்குள்ளிருந்து அழுகை. "நான் இங்க இருக்கேன். அது கையை விடுக்கா."

பிறந்த நாளிலிருந்து கேட்ட குரல். அதே விசும்பல்.

பிடித்திருந்த கை இறுகியது. நகம் பதிந்தது. எதிரே இருந்த முகம் வேகவேகமாகத் தலையாட்டியது. வாய் திறந்து திறந்து மூடியது. மீன் மாதிரி. இவள் முகம் இப்படியா இருக்கும்?

அக்கா கையை உதறினாள்.

குரல் நின்றது. பனி விலகியது. எதிர்க்கரையில் வெறும் பாறை.

திரும்பினாள். தங்கை இடுப்பளவு நீரில் இருந்தாள். கைகளை அக்காவின் பக்கம் நீட்டியபடியே பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். நீரில் ஒரு வளையம்கூட எழவில்லை. மார்பு. தோள். கழுத்து.

கன்னமெல்லாம் கண்ணீர். நீர்மட்டத்துக்கு மேல் அந்த வாய் மட்டும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டே இருந்தது.

அக்கா. அக்கா. அக்கா.